மூன்றாம் ஓலை

மினு தூங்கிவிட்டாள். இரண்டாம் வேதபாடம் வாசிக்கத் தொடங்கும்போதே அவள் தலை என் இடது தொடையில் கனத்தது. இப்போது அந்தக் கால் என்னுடையதாக இல்லை, பெஞ்சின் ஒரு பலகையைப் போல இருக்கிறது. கிள்ளிப் பார்த்தேன், சேலை கசங்கியது, வேறு ஒன்றும் நடக்கவில்லை. தூங்குவதற்கு முன் சர்ச் முழுக்கக் கேட்கிற மாதிரி, "சித்தி, அந்த மாமா எப்ப முடிப்பாரு?" என்று கேட்டாள். பாடம் வாசித்துக்கொண்டிருந்தவர் ஒரு வரியைத் தவறவிட்டுத் திரும்பப் பிடித்தார், முன் பெஞ்சில் இரண்டு முதுகுகள் குலுங்கின, என் வலப்பக்கம் இருந்த ஞானப்பூ அத்தை, அப்பாவின் அக்கா, குனிந்து, "எனக்கும் அதுதான் தெரியணும் மக்களே" என்று அவள் காதில் சொன்னாள். இடப்பக்கம் அம்மா. அம்மா சிரிக்கவில்லை, அம்மா இப்போதெல்லாம் சர்ச்சில் பலிபீடத்துக்குப் பின்னால் இருக்கும் நீலக் கண்ணாடியை மட்டும் பார்க்கிறாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அறிவிப்புகள் வரும், அறிவிப்புகளின் கடைசியில் ஓலை வாசிப்பார்கள். கல்யாணம் நிச்சயமானவர்களின் பெயர்களை மூன்று ஞாயிற்றுக்கிழமை சபை முன் வாசித்து, இவர்கள் கட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்கு யாருக்காவது காரணம் தெரிந்தால் சொல்லுங்கள் என்று கேட்பது எங்கள் சபையின் வழக்கம். இன்றைக்கு மூன்றாம் ஓலை. என் பெயரும் செல்வின் அத்தான் பெயரும். செல்வின் அத்தான் மினுவின் அப்பா. என் அக்கா மெர்லினின் கணவர். மெர்லின் போன மழைக்காலத்தில் டெங்குவில் இறந்துபோனாள். இப்படி ஒவ்வொன்றாக, நூலகத்தில் புத்தக அட்டை எழுதுவது போல எழுதிப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆசிரியர், தலைப்பு, பக்கம், எதுவும் விட்டுப்போகவில்லை, எந்த அலமாரியில் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

முதல் இரண்டு ஓலைக்கும் நான் வரவில்லை. முதல் வாரம் தலைவலி என்றேன், அடுத்த வாரம் மினுவுக்குச் சளி என்றேன், அவளுக்கு உண்மையிலேயே மூக்கு ஒழுகியது. "வெக்கம், கேட்டியா, தன் பேர அத்தன பேரு முன்னால வாசிச்சா எந்தப் பிள்ளைக்கும் வெக்கமா இருக்கும்லா" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்வது கேட்டது. வெட்கம் இல்லை. புத்தகத்தில் படித்தது. ஸ்காட்லாந்தில் ஒரு பக்கத்து மக்கள், தன் ஓலை வாசிக்கப்படுவதை மணப்பெண் தன் காதால் கேட்டால் அவளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் ஊமையாகிவிடும் என்று நம்பினார்களாம், அந்த மூன்று ஞாயிறும் அவள் வீட்டிலேயே இருந்துகொள்வாளாம். எம்.ஏ. ஆங்கிலம், நூலக அறிவியல் டிப்ளமோ, இதையெல்லாம் படித்துவிட்டு நான் இதற்காக வீட்டில் இருந்தேன் என்று யாரிடம் சொல்வது. நம்பி இருக்கவில்லை. அப்படி ஒரு காரணம் உலகத்தில் எங்கேயோ யாருக்கோ இருந்தது என்பதே போதுமாக இருந்தது, குடை இல்லாதபோது பஸ் நிறுத்தத்தில் யாருடைய குடையின் ஓரத்திலாவது ஒதுங்குவது போல. அந்தப் புத்தகங்கள் மலையிலிருந்து வந்தவை. பழைய தேயிலைத் தோட்டத்து கிளப்பை மூடியபோது அங்கிருந்த வெள்ளைக்கார மேனேஜர்கள் யாரோ விட்டுப்போனதை எல்லாம் நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்துக்கு அனுப்பினார்கள், தேயிலைப் பெட்டிகளில், யூக்கலிப்டஸ் வாசமும் ஈர வாசமும் சேர்ந்து. நாவல் இருக்கும் என்று நினைத்தோம். பெட்டியைத் திறந்தால் ஸ்காட்லாந்து. மாவட்டம் மாவட்டமாக, ஊர் ஊராக, எந்த ஊர்ச் சபையில் எந்த வருடம் மணி வாங்கினார்கள், எந்தத் தெருவில் எத்தனை நெசவாளிகள், பஞ்சம் வந்த வருடத்தில் என்ன தின்றார்கள், சாவு வீட்டில் எவ்வளவு குடித்தார்கள். "இத ஆரு படிக்கப் போறா? நம்பரப் போட்டு மேல் அலமாரியில அடுக்கிரு" என்றார் ஸ்டெல்லா மேடம், எங்கள் நூலகர். நான் நம்பர் போட்டேன். போடும்போது ஒரு பக்கம் படித்தேன், பிறகு மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன், மெர்லின் போன பிறகு வேலை நேரத்திலும் படித்தேன். வேறு எதுவும் உள்ளே போகவில்லை. செய்தித்தாள் போகவில்லை, வேதம் போகவில்லை, ஃபோனில் வருவது எதுவும் போகவில்லை. எனக்கு உச்சரிக்கத் தெரியாத ஒரு ஊரில், முந்நூறு வருடத்துக்கு முன் யாருடைய பசு யாருடைய பார்லி வயலில் இறங்கியது என்பது மட்டும் போயிற்று. அவர்களில் ஒருவரும் எனக்கு வேண்டியவர் இல்லை, எல்லோரும் ஏற்கெனவே இறந்துவிட்டவர்கள், அவர்களுக்கு இனி எதுவும் ஆகாது.

ஃபேன் சுற்றுகிறது, ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் செல்வின் அத்தானின் பின்தலை தெரிகிறது. முடி வெட்டியிருக்கிறார். கழுத்தில் கத்தரி போன இடம் வெள்ளையாக இருக்கிறது. ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, "பிரேக்கு, பிரேக்கு, பிள்ளே, அது ஹாரன்" என்று கத்திய மனிதர். நான் வாழைத்தோப்புக்குள் இறங்கினேன், மெர்லின் வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், வயிற்றில் அப்போது மினு. அத்தான் இப்போது என்னைப் பார்ப்பதில்லை. போன மாதம் வீட்டுக்கு வந்தவர் அடுக்களைப் பக்கம் பார்த்து, "மெர்லி, கொஞ்சம் தண்ணி" என்றார், நான்தான் நின்றிருந்தேன், நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவர் தம்ளரை வாங்கிக் குடிக்காமல் வைத்துக்கொண்டே இருந்தார். பின்னாலிருந்து பார்த்தால் நானும் மெர்லினும் ஒன்றுபோல இருப்போம் என்று எல்லோரும் சொல்வார்கள். தையல்காரர் கூடச் சொன்னார். கல்யாணச் சேலைக்கு ப்ளவுஸ் தைக்க, அளவுக்கு ஒரு பழைய ப்ளவுஸை அம்மா கொடுத்துவிட்டு வந்தாள். எதைக் கொடுத்தாய் என்றேன், மெர்லினுடையதைத்தான், அது நல்லா இருந்துது என்றாள். தைத்து வந்தது. போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது, கை கூட, முதுகு கூட. எங்கேயாவது ஒரு இடத்தில் பிடித்திருக்கலாம், ஒரு இடத்திலாவது தொளதொளவென்று இருந்திருக்கலாம். ஸ்காட்லாந்தில் இறந்தவர்கள் வீட்டில் கண்ணாடியைத் துணியால் மூடுவார்கள், கடிகாரத்தை நிறுத்துவார்கள், நெஞ்சில் ஒரு தட்டில் உப்பு வைப்பார்கள். எங்கள் வீட்டில் யாரும் எதையும் மூடவில்லை. மெர்லின் ஐஸ் பெட்டிக்குள் இருந்தாள், மேல் கண்ணாடியில் நீர் கோத்துக்கொண்டே இருந்தது, வருகிறவர்கள் எல்லோரும் கைக்குட்டையால் துடைத்துவிட்டு முகம் பார்த்தார்கள், பஸ் ஜன்னலைத் துடைத்து ஊர் பார்ப்பது போல. போதகர் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தபோது உள்ளறையில் மெர்லினின் ஃபோன் அடித்தது, மினுவுக்கு மருந்து கொடுக்கும் நேரம் என்று அவளே வைத்த அலாரம். ஒரு பாட்டு. அதை எப்படி நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை, ஜெபம் அதற்கு மேல் நடந்தது, பாட்டு தானாக நின்றது, பிறகு திரும்ப அடித்தது. நான்தான் எழுந்துபோய் மருந்து கொடுத்தேன். அன்றைக்கு எழுந்துபோனவள் இன்னும் திரும்பி வந்து உட்காரவில்லை என்று தோன்றுகிறது.

அறிவிப்புகள் தொடங்கிவிட்டன. உபதேசியார் வாசிக்கிறார். பெண்கள் ஐக்கியக் கூட்டம் புதன்கிழமை, வாலிபர் முகாமுக்குப் பெயர் கொடுக்காதவர்கள் கொடுக்க வேண்டும், ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருள்கள் ஏலம், இரண்டு குலை மட்டிப்பழம், ஒரு பலாச்சக்கை, ஒரு சேவல். சேவல் வெளியே போர்ட்டிகோவில் கட்டிக் கிடக்கிறது, தன்னைப் பற்றிச் சொன்னது கேட்டது போல ஒரு முறை கூவுகிறது. ஞானப்பூ அத்தை என்னைத் தட்டி, "சேவல எடுத்துருவோமா, கல்யாணத்துக்கு ஆவும்" என்கிறாள். நல்ல மனசு அவளுக்கு. அவள்தான் நாற்பதாம் நாள் ஜெபத்தன்று, எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, பாயைச் சுருட்டிக்கொண்டே, "வெளிய இருந்து ஒருத்தி வந்தா இந்தப் பிள்ளய பாப்பாளா? சொல்லு. பாப்பாளா?" என்று கேட்டாள். அம்மாவைப் பார்த்துக் கேட்டாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கை கழுவப் போனார். அதற்குப் பிறகு ஒரு நாள் இது முடிவாகியிருந்தது. எந்த நாள் என்று நானும் தேடிப் பார்க்கிறேன், அந்தப் பக்கம் மட்டும் கிழிந்துபோயிருக்கிறது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. மினு இரவில் என் காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். மினு இல்லாத ஒரு வீட்டை நினைத்தால் மூச்சு வரவில்லை, அத்தானோடு ஒரு அறைக்குள் கதவைச் சாத்துவதை நினைத்தாலும் மூச்சு வரவில்லை, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றும் இல்லை, காற்று நின்ற மதியம் போல. அப்பா போதகருக்கு ஃபோனில்தான் பெயர் கொடுத்தார். "பெல்சிட்டா. பெல்-சிட்-டா. ஆமா ஐயா, எளையவ" என்றார். நான் மினுவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். என் பெயரை அவர் மூன்று துண்டாக உடைத்தது கேட்டது.

பிறகு ஸ்காட்லாந்துப் புத்தகங்களில் ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்பது பெரிய வார்த்தை, பச்சை அட்டைப் புத்தகம், ஒரு ஊர்ச் சபையின் கதை, அதில் சபை மூப்பர்கள் யார் யாரை விசாரித்தார்கள் என்று ஒரு அதிகாரம். ஒரு கல் கொத்தன். மனைவி இறந்துவிட்டாள், சின்னப் பிள்ளைகள். மனைவியின் தங்கையைக் கட்டிக்கொள்ளப் பெயர் கொடுத்தான். இரண்டு ஓலை வாசித்துவிட்டார்கள். மூன்றாவதற்கு முன்னால் ஒரு மூப்பர் எழுந்து, இது கூடாது என்றார். மனைவியோடு ஒரே மாம்சமானவனுக்கு மனைவியின் தங்கை சொந்தத் தங்கை, அவளைக் கட்ட வேதப்படி இடமில்லை. அங்கே அந்தக் காலத்தில் அதுதான் சட்டமாம். அன்றைக்கு நூலகத்தில் அந்த வரியில் விரல் வைத்துத் திரும்பப் படித்தேன். தங்கை என்ற ஒரு சொல். பிரேக்கு, பிரேக்கு, அது ஹாரன். அந்தப் பக்கத்தை நகல் எடுக்கலாம், போதகரிடம் கொண்டுபோகலாம், ஐயா, ஸ்காட்லாந்தில் ஒரு கொத்தனுக்கு என்று தொடங்கலாம். குளியலறையில் சொல்லிப் பார்த்தேன். கொத்தனுக்கு என்ற இடத்தில் எனக்கே சிரிப்பு வந்தது, பல நாள் கழித்து வந்த சிரிப்பு, சத்தம் கேட்டு அம்மா கதவைத் தட்டினாள். இன்றைக்கு அதற்காகத்தான் வந்தேன். போர்ட்டிகோவில் செருப்பைக் கழற்றும் வரை எழுந்து சொல்வதாகத்தான் இருந்தேன், இல்லை, இருந்தேனா, யாரோ ஒருத்தி எழுந்து சொல்வாள், அவள் புடவை நிறம் என் புடவை நிறமாக இருக்கும், அப்படித்தான் தெரிந்தது. ஓலை வாசித்த பிறகு கல்யாணம் நின்றுபோனால் சபையை இகழ்ந்த குற்றம் என்று அங்கே ஒன்று உண்டு, பெயர் கொடுக்கும்போது பணயமாக வைத்த காசு போய்விடும், எல்லோர் முன்னும் நிற்க வேண்டும். இங்கே அப்படி எதுவும் இல்லை. இங்கே அம்மா இருக்கிறாள். அம்மா நீலக் கண்ணாடியைப் பார்க்கிறாள்.

"விவாக அறிக்கைகள்" என்கிறார் உபதேசியார், தாளைப் போதகரிடம் கொடுக்கிறார், போதகர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறார். முதலில் வேறொரு ஜோடி, முதலாம் ஓலை. கேட்கிறார், நிறுத்துகிறார், யாரோ இருமுகிறார்கள், அடுத்தது. இந்த நிறுத்தம் எவ்வளவு சின்னது என்று இதுவரை கவனித்ததில்லை. தண்ணீர் விழுங்கும் நேரம். பச்சைப் புத்தகத்தில் கொத்தனுக்குப் பெயர் இருந்தது. அவன் மூப்பர்கள் முன் இரண்டு முறை வந்து மன்றாடியது இருந்தது. ஆட்சேபித்த மூப்பருக்குப் பெயர் இருந்தது, அவர் சொன்ன வேத வசனத்தின் எண் இருந்தது. இறந்த மனைவிக்குப் பெயர் இருந்தது, எல்ஸ்பெத். தங்கைக்கு இல்லை. அவன் மனைவியின் தங்கை. மேற்படி தங்கை. நான் அந்தப் பக்கத்தை எத்தனை முறை படித்தேன், எப்படி இதைப் பார்க்காமல் போனேன், கூடாது என்ற சொல்லை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், தாகத்தில் இருப்பவள் குழாயை மட்டும் பார்ப்பது போல. கட்டலாம் என்று கொத்தன் சொன்னான். கட்டக் கூடாது என்று மூப்பர்கள் சொன்னார்கள். அவள் அழுதாளா, அப்பாடா என்று இருந்தாளா, பிள்ளைகள் அவளோடு தூங்கினார்களா, அதற்குப் பிறகு எந்த வீட்டில் இருந்தாள். கொத்தன் ஊரை விட்டுப் போனான் என்று முடிகிறது. அவள் போனாளா, நின்றாளா என்று இல்லை. எழுதினவர் மறைத்ததாகத் தெரியவில்லை, அவருக்கு முன்னால் யாரும் அதைக் குறித்து வைக்கவில்லை, குறித்து வைக்க அதை யாராவது கேட்டிருக்க வேண்டும். அப்படியானால் நான் அந்த மூப்பரின் சொல்லைக் கடன் வாங்கி இங்கே எழுந்து நின்றாலும் அதுவும் அவருடையதுதான். கூடும் என்பது இங்கே உள்ளவர்களுடையது, கூடாது என்பது அங்கே உள்ளவர்களுடையது.

"மனைவியை இழந்த திரு. செல்வின், கன்னிகை பெல்சிட்டா" என்று போதகர் வாசிக்கிறார். கேட்டுவிட்டேன். காதால் கேட்டுவிட்டேன். அப்பா பெயர், ஊர்ப் பெயர், அத்தானின் அப்பா பெயர். என் கை மினுவின் நெற்றி மேல் இருக்கிறது, வியர்வை, அவள் முடியில் மெர்லின் போடும் எண்ணெய் வாசம், நான்தான் போட்டேன், அதே பாட்டில். "இவர்கள் இருவரும் பரிசுத்த விவாகத்தில் இணைவதற்குத் தடை ஏதாவது உண்டென்று உங்களில் எவருக்காவது தெரிந்திருந்தால் இப்போது தெரிவிக்க வேண்டும். இது மூன்றாம் ஓலை." மினுவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன். இடது கால் இல்லை, வலது காலால்தான் எழுந்தேன், முன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். ஞானப்பூ அத்தை உடனே முழங்காலை ஒரு பக்கம் மடக்கி வழி விட்டாள், அவளுக்கு அப்பால் இருந்தவர்களும் வரிசையாக மடக்கினார்கள், பிள்ளைக்கு மூத்திரம் வருகிறது என்று நினைத்தார்கள். போதகரும் அப்படித்தான் நினைத்தார், நான் வெளியே போகட்டும் என்று தாளைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நான் போகவில்லை. மடங்கிய முழங்கால்கள் அப்படியே இருந்தன. வழி திறந்து கிடந்தது, நான் அதில் போகவில்லை, நின்றேன். அந்தச் சின்ன நிறுத்தம் நீண்டது. அம்மா என் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தாள், நீலக் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "மிண்டாம இரி பிள்ளே, வாயத் தொறக்காத" என்றாள், உதடு அசையவில்லை. போதகர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"என்ன மக்களே?"

"ஐயா, என்ட்ட யாரும் கேக்கல்ல."

என் குரல் இவ்வளவு சின்னதா. ஆனால் ஃபேன் சத்தத்துக்குள் அது எல்லா இடத்துக்கும் போனது. முன் பெஞ்சில் இருந்தவள் திரும்பினாள், அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் திரும்பினாள், ஆண்கள் பக்கம் அப்பா மட்டும் திரும்பவில்லை, அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞானப்பூ அத்தை, "கர்த்தாவே" என்றாள், ஜெபம் போல இல்லை.

"இது தடையா மக்களே?" என்றார் போதகர். கண்டிப்பாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அவர் கையில் இருந்த புத்தகத்தில் அதற்கு ஒன்றும் இருக்காது, என் பச்சைப் புத்தகத்திலும் இல்லை.

"தெரியாது ஐயா. கேக்கல்ல. அதான்."

இடது காலில் எறும்பு ஏறத் தொடங்கியது. முதலில் பாதத்தில், பிறகு கெண்டைக்காலில், பிறகு தொடை முழுக்க, ஆயிரம் எறும்பு, ஊசி, நெருப்பு, கத்த வேண்டும் போல இருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் காலைத் தரையில் ஊன்றினேன், அது என் கால்தான், வலித்தது. செல்வின் அத்தான் திரும்பியிருந்தார். என்னைப் பார்த்தார். மெர்லினைப் பார்ப்பது போல இல்லை, இத்தனை மாதத்தில் முதல் முறையாக, தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர் யார் தண்ணீர் கொடுத்தது என்று அப்போதுதான் நிமிர்ந்து பார்ப்பது போல. பிறகு அவர் தலையை ஒரு முறை அசைத்தார், ஆம் என்று இல்லை, இல்லை என்றும் இல்லை, கேட்டது என்பது போல.

போதகர் தாளை மடித்தார். உபதேசியாரிடம் திரும்பி மெதுவாகச் சொன்னார், மைக் அணைக்காமல் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "மூணாம் ஓல வாசிக்கல்லண்ணு வச்சுக்கிடும்." பிறகு பாட்டு எண்ணைச் சொன்னார். ஆர்மோனியம் தொடங்கத் தாமதமானது, வாசிக்கிறவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சபை எழுந்தது, ஏற்கெனவே நின்றிருந்த நான் இப்போது எல்லோருக்கும் நடுவில் காணாமல் போனேன். அம்மாவும் எழுந்தாள், ஆனால் என் முந்தானையை இன்னும் விடவில்லை, இழுக்கவும் இல்லை, பிடித்துக்கொண்டிருந்தாள். சத்தத்தில் மினு விழித்துக்கொண்டாள். தோளிலிருந்து தலையைத் தூக்கி, என் கன்னத்தில் சூடாக மூச்சு விட்டு, எல்லோரும் நிற்பதைப் பார்த்தாள்.

"முடிஞ்சுதா சித்தி?"

"இல்ல மக்களே" என்றேன்.